மணிக்குப் பதினாறு யூரோ

வூப்பர்ட்டாலில் சமதரை என்பது
ஆற்றுக்கும் அதன்மேல் தொங்கி ஓடும் ரயிலுக்கும் மட்டும்.
மற்ற எல்லோருக்கும் ஏற்றம்.

பாண் கூடைகள் ஏற்றிய பின்னிரவில்
இரண்டாம் கியரில் ஒரு விசில் தொடங்கியது.
மூன்றாவதில் அது சங்காகி,
நாலாவதில் என் கால் சொன்னதைக் கார் கேட்கவில்லை.
பின்கண்ணாடி முழுக்க நீலம்.
தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் அதற்குள் போய் மறைந்தன.

டர்போ போய்விட்டது என்றேன் தொலைபேசியில்.
காரை எனக்கு விற்ற மரியநேசன்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, ஒர்ஹானின் வாடகைப் பட்டறையில
சனிக்கிழமைக்கு ஒரு லிஃப்ட் பதிஞ்சு வை, நான் வாறன், என்றான்.
நான் அவனைக் கூப்பிடவில்லை.
இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மணிக்குப் பதினாறு யூரோ.
ஒர்ஹான் சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதினான்:
ஒன்பது பத்து.

கார் எங்கள் தலைக்கு மேல் எழுந்தது.
அடிவயிறெல்லாம் கரிய ஈரம்.
வெப்பத்தகட்டின் திருகுகள் வட்டமாய்த் தேய்ந்து
எந்தச் சாவிக்கும் முகம் கொடுக்கவில்லை.
துருநீக்கி அடித்தோம். காத்திருந்தோம்.
நான்கு யூரோ.
மறுபடி அடித்தோம்.
மூன்று நட்டுகளில் இரண்டு சூட்டுக்கு இளகின,
மூன்றாவது தண்டோடு முறிந்தது.
அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி
உடனே என்னைப் பார்த்தான்.
அதைவிடப் பெரியது என்னிடம் இருந்தது. சொன்னேன்.
ஒர்ஹான் சிரித்துக்கொண்டே துளைகருவியோடு வந்தான்,
எங்கள் மொழி அவனுக்குப் புரிந்ததுபோல.

பழையது என் கையில்.
இரும்பு நத்தை என்று சொல்லலாம்,
ஆனால் எந்த நத்தையும் இப்படி மணிக்கட்டை இழுக்காது.
சுண்டுவிரலால் சக்கரத்தைத் தொட்டேன்.
விழப்போகும் பல்லாய்ப் பக்கவாட்டில் ஆடியது.
இதழ்கள் கூட்டின் சுவரை உரசி
ஓரமெல்லாம் கடிபட்டிருந்தன.
நிமிசத்துக்கு ஒண்டரை லட்சம் சுத்து, என்றான்,
ஒயில் இல்லாட்டி மூண்டு செக்கன் காணும்.

புதியதன் உறையைக் கிழிக்கப் போனேன்.
பொறு, என்றான். குரல் மாறியிருந்தது.
முதல்ல அடித்தொட்டியைக் கழட்ட வேணும்.

ஒயிலை வடித்துக் கழற்றினோம்.
உறிஞ்சுகுழலின் வலைச் சல்லடை
தார் காய்ச்சிய பானையின் அடிபோல் இறுகிக் கிடந்தது.
ஒரு சதக் காசளவு இடம் மட்டும் திறந்திருந்தது.
இவ்வளவு நாளும் முழு எஞ்சினும்
அதன் வழியாகத்தான் குடித்திருக்கிறது.

சேவிஸ் புத்தகத்தில் எட்டு முத்திரைகள்.
விற்கும்போது ஒவ்வொரு பக்கமாய்த் திருப்பிக் காட்டினான்.
கடைசி மூன்றும் ஒரே மையில்,
ஒரே சரிவில்.

சல்லடையைப் பெற்றோலில் அலம்பிக்கொண்டே சொன்னான்,
என்னிடம் அல்ல, சல்லடையிடம்:
நாப்பதாயிரம் ஓடினன். ஒருக்காலும் மாத்தேல்லை.
வேலை இல்லாத வருசம்.
விசிலும் கேட்டதுதான்.
ரேடியோவைக் கூட்டிவிட்டன்.

பன்னிரண்டரை.
மனதுக்குள் கணக்குப் போட்டேன், ஐம்பத்து மூன்று யூரோ.
வேறு கணக்கு எதையும் தொடாதிருக்க
அதையே இன்னொரு முறை போட்டேன்.
பிறகு செப்பு வளையத்தை நீட்டினேன்.
வாங்கினான்.

புதிய ஒயில்குழாய். புதிய வடிகட்டி.
டர்போவின் வாய்க்குள் ஊசிக்குழலால் துளித்துளியாய் ஒயில் பருக்கி
விரலால் சுற்றினேன். ஆடவில்லை.
எரிபொருளைத் துண்டித்து
முதலில் வெறுமனே எஞ்சினைச் சுழற்றினோம்,
ஒயில் மேலே ஏறட்டும் என்று.

மூன்று ஐம்பது.
மரியநேசன் பணப்பையை எடுத்தான். நானும் எடுத்தேன்.
ஒர்ஹான் இருவரையும் மாறி மாறிப் பார்த்து
நூறு போதும் என்றான்.
யாருடையதை வாங்கினான் என்று எழுதமாட்டேன்.

பழையது பெட்டிக்குள் பின்னிருக்கையில் உருண்டது.
திருப்பிக் கொடுத்தால்
முற்பணம் நூற்றைம்பது கிடைக்கும்.

ஏற்றம்.
இரண்டு. மூன்று. நாலு.
விசில் இல்லை.
பின்கண்ணாடியில் மீண்டும் நீலம்,
நான் காலை எடுத்துவிட்டேன்.
பயப்பிடாதை, என்றான், அது பழைய ஒயில்,
குழாய்க்குள்ள தங்கிக் கிடக்குது.
எரிஞ்சு முடிய இருவது கிலோமீற்றராவது ஓட வேணும்.

அவன் வீடு நாலாவது கிலோமீற்றரில்.
நிறுத்தாமல் போனேன்.
அவனும் கேட்கவில்லை.